மூன்று இரவு நீலப் பயணம்: துருக்கிக் கரையோரக் குலெட் படகுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்தியதரைக் கடலில் பாய்மரத்தில் போக ஆசை, ஆனால் ஒரு வாரம் ஒதுக்க முடியாது என்பவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் துருக்கியின் தென்மேற்குக் கரை. அங்கே கரையோரக் குடாக்களில் நின்று நின்று போகும் படகுச் சுற்றுலாவுக்கு ‘நீலப் பயணம்’ என்று பெயர். ஃபெத்தியேயில் ஏறி டெம்ரேயில் இறங்கும் நான்கு பகல், மூன்று இரவுப் பயணத்தைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. ஒரு பதிலில் சொன்னது இன்னொன்றுக்கும் பொருந்தினால் அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

1. குலெட்னா என்ன? அது கப்பலா, படகா?

இரண்டு பாய்மரம் வைத்த மரப் படகு. 15 மீட்டரிலிருந்து 35 மீட்டர் வரை நீளம் இருக்கும். பொத்ரும், மார்மாரிஸ், பொஸ்புருன் ஊர்களின் பட்டறைகளில் இன்றும் கட்டுகிறார்கள். பெயர் பிரெஞ்சு மொழியில் இரட்டைப் பாய்மரக் கப்பலைக் குறிக்கும் ‘கோயலெட்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கடல்பஞ்சு எடுக்கவும் சரக்கு ஏற்றவும் ஓடிய படகுகளின் வாரிசு இது. அமரம், அதாவது பின்பக்கம், உருண்டையாக இருந்தால் அசல் குலெட். தட்டையாக வெட்டியது போல இருந்தால் ‘ஐனா கிச்’. இரு முனையும் கூராக இருந்தால் ‘திர்ஹாந்தில்’. தட்டை அமரத்தில் அறைகள் பெரிதாக வரும், அதனால் புதிய படகுகளில் அதுவே அதிகம்.

மூன்று இரவுப் பயணப் படகுகளில் பொதுவாக ஆறு முதல் பத்து அறைகள். ஆட்கள் மூன்று அல்லது நான்கு பேர்: தலைவர், சமையல்காரர், தளத்து வேலைக்கு ஒருவரோ இருவரோ. தலைவரை எல்லோரும் ‘கப்டான்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

2. எந்த வழியா போகும்? எங்கெல்லாம் நிக்கும்?

முதல் நாள் முற்பகலில் ஃபெத்தியேயில் ஏறுவீர்கள். மதியம் ஒலுடெனிஸ் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போடுவார்கள். உள்ளே இருக்கும் நீல உப்பங்கழிக்குள் மோட்டார் படகுகளுக்கு அனுமதி கிடையாது. பக்கத்திலேயே பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் திறந்த கடல். அலை நேராக உள்ளே வருவதால் இரவு அங்கே தங்கமாட்டார்கள். முதல் இரவு கெமிலர் தீவு, வேறு பெயரில் புனித நிக்கலஸ் தீவு. பைசாந்தியக் காலத்து இடிந்த தேவாலயங்கள் மலைச்சரிவு முழுக்க இருக்கின்றன. மாலையில் ஏறிப் பாருங்கள், நல்ல செருப்பு வேண்டும்.

இரண்டாம் நாள் விடியும் முன்பே எஞ்சின் சத்தம் கேட்கும். அதற்குக் காரணம் ‘யெதி புருன்லார்’. துருக்கியில் ‘புருன்’ என்றால் மூக்கு, நிலமுனைக்கும் அதே சொல். ஏழு மூக்குகள் என்ற இந்த நீட்சியில் ஒதுங்க இடமே இல்லை. மலை நேராகக் கடலில் இறங்கும், அதைத் தாண்டினால் பத்தாரா மணற்கரை. பகலில் காற்று ஏறும் முன் கடந்துவிட வேண்டும் என்பதால்தான் இருட்டிலேயே புறப்பாடு. மொத்தம் நான்கைந்து மணி நேரம். பிறகு கல்கான், காஷ் பக்கத்துக் குடாக்களில் நீச்சல், இரவு காஷ் அருகில்.

மூன்றாம் நாள் கெகோவா: நீரில் அமிழ்ந்த பழைய ஊர், எதிரே கலெகோய் கோட்டை. பழங்காலத்தில் அந்த ஊருக்குப் பெயர் சிமெனா. கார் போகும் சாலை கிடையாது, படகிலோ நடந்தோதான் வரலாம். கோட்டைக்குள் பாறையிலேயே குடைந்த சின்ன அரங்கம் ஒன்று, கரையோரத் தண்ணீரில் நிற்கும், பழங்காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்த லிசியர்களின் கல்சவப்பெட்டி ஒன்று. இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாம் இரவு கொக்காயா குடா. நான்காம் நாள் முற்பகலில் டெம்ரே துறையில் இறக்கிவிட்டு, கரையோர ஊரான ஒலிம்போஸ் வரை பேருந்தில் அனுப்புவார்கள்.

3. உண்மையிலேயே பாய் விரிச்சு போவாங்களா? இல்ல போட்டோவுக்கு மட்டும்தானா?

பெரும்பாலும் எஞ்சின்தான். நான்கு நாளில் இரண்டு மூன்று மணி நேரம் பாயில் ஓடினாலே நல்ல படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். பல படகுகளில் பாய் உறையை விட்டு வெளியே வருவதே இல்லை. விளம்பரப் படத்தில் எல்லாப் பாயும் புடைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இதுதான் முதல் ஏமாற்றம்.

காரணம் சோம்பல் மட்டும் அல்ல. அறைகள் வேண்டும் என்பதால் படகு அகலமாகவும் கனமாகவும் கட்டப்படுகிறது. அந்தக் கனத்துக்குப் பாயின் பரப்பு குறைவு. எதிர்க்காற்றில் இது ஏறவே ஏறாது, பக்கக் காற்றிலும் தள்ளாடும். பின்னாலிருந்து 12 முதல் 18 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) காற்று அடித்தால் மட்டும் மணிக்கு ஐந்தாறு கடல்மைல் கிடைக்கும். எஞ்சினில் எட்டு ஒன்பது எளிதாக வரும். நேரத்துக்கு அடுத்த குடாவில் நிற்க வேண்டிய கப்டான் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாதகம் உண்டு: கோடையில் இங்கே காற்று மேற்கு, வடமேற்கிலிருந்து வரும். ஃபெத்தியேயிலிருந்து டெம்ரேக்குப் போகும்போது அது முதுகுக்குப் பின்னால். திரும்பி வரும் திசையில் முகத்தில் அறையும். பாய் பார்க்க ஆசை இருந்தால் கிழக்கு நோக்கிப் போகும் பயணத்தையே எடுங்கள்.

பணம் கட்டும் முன் ‘பாய் ஏற்றுவீர்களா’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். ‘கடைசியாக எப்போது ஏற்றினீர்கள், எத்தனை பேர் சேர்ந்து ஏற்றுவீர்கள்’ என்று கேளுங்கள். துறைமுகத்தில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பாய் உறையின் ஜிப் வெயிலில் வெளுத்து உப்புப் பிடித்து இறுகியிருந்தால், அது பல மாதம் திறக்கப்படவில்லை. வெயில் மறைப்புத் துணியை இரும்புக் குழாய்களில் நிரந்தரமாகப் பூட்டியிருந்தாலும் அப்படித்தான். அதைக் கழற்றாமல் பெரிய பாயை ஏற்ற முடியாது.

4. அப்ப முழுக்க முழுக்கப் பாய்மரத்துலயே போகணும்னா?

இரண்டு வழி. ஒன்று, பெரிய பாய்மரக் கப்பல். 2000இல் வந்த ராயல் கிளிப்பருக்கு ஐந்து பாய்மரம், 42 பாய்கள். அதன் சகோதரக் கப்பல்களான ஸ்டார் கிளிப்பர், ஸ்டார் ஃபிளையர் இரண்டுக்கும் நான்கு பாய்மரம், 16 பாய்கள். பெரும்பாலும் ஒரு வாரப் பயணம்தான், குறுகியவை எப்போதாவது வரும். துறைமுக நேரத்தைப் பிடிக்க அங்கேயும் எஞ்சின் ஓடும்.

இரண்டாவது, கோசெக் அல்லது ஃபெத்தியேயில் ஓட்டுநரோடு கிடைக்கும் சின்னப் பாய்ப் படகு. ஐந்தாறு பேர் போகலாம், கயிறு இழுக்கும் வேலை உங்களுக்கும் உண்டு. சொகுசு குறைவு. பாய்தான் முக்கியம் என்றால் எங்கள் பரிந்துரை இதுவே.

5. எந்த மாசம் போறது நல்லது?

மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர் பிற்பாதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. மே மாதம் கடல் இன்னும் 20, 21 டிகிரிதான், நம் ஊர்க் கடலில் பழகியவர்களுக்குக் குதித்ததும் மூச்சு முட்டும். அக்டோபரில் 24, 25 இருக்கும், கோடை முழுக்கச் சூடேறிய நீர் மெதுவாகத்தான் ஆறும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35ஐத் தாண்டும், ‘மெல்டெம்’ காற்று மதியத்துக்குப் பிறகு பலமாக அடிக்கும், குடாக்களில் படகு மேல் படகாக நிற்கும். இரண்டில் ஒன்று என்றால் செப்டம்பர் கடைசி.

6. தனியா ஒருத்தர் போலாமா? முழுப் படகையும் எடுக்கணுமா?

அறைக் கணக்கில் விற்கும் படகுகளில் தனியாகவும் போகலாம். தனி அறை வேண்டும் என்றால் கூடுதலாகக் கேட்பார்கள், தெரியாத ஒருவரோடு பகிர்ந்தால் அது இல்லை. எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் முழுப் படகாக எடுப்பது கணக்குக்குச் சரியாக வரும்.

முழுப் படகு எடுக்கும்போது ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். சாப்பாடு வாடகையில் சேர்ந்ததா, தனியா. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு எரிபொருள் சேர்ந்திருக்கிறது: நான்கு மணி நேரம் என்பது வழக்கம், ஏழு மூக்குகளைத் தாண்டும் நாளில் அது மீறும். மூன்றாவது, நீங்கள் டெம்ரேயில் இறங்கிய பின் படகு காலியாக ஃபெத்தியே திரும்பும் செலவு யாருடையது. அறைக் கணக்கில் போகிறவர்களுக்கு உள்ளே வராதவை: குளிர்பானம், மது, தீவு நுழைவுக் கட்டணம், அன்பளிப்பு. குடிப்பதை எல்லாம் ஒரு தாளில் பெயர் போட்டுக் குறித்து வைத்து, கடைசி நாள் கணக்கு முடிப்பார்கள். வெளியிலிருந்து பானம் கொண்டுவரப் பல படகுகளில் அனுமதி இல்லை.

7. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன விசா? ஷெங்கன் போதுமா?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் துருக்கி இல்லை, தனி விசா வேண்டும். ஷெங்கன் நாடுகள், அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ கையில் இருந்தால், துருக்கியின் அதிகாரபூர்வத் தளத்தில் மின்விசா எடுக்கலாம். இல்லையென்றால் விண்ணப்ப மையம் வழியாக ஒட்டு விசா. விதிகள் மாறக்கூடியவை, படகுக்கு முன்பணம் கட்டும் முன் அந்தத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். அரசுத் தளம் போலவே இருந்து கூடுதல் பணம் பிடுங்கும் தளங்களும் உண்டு.

8. எனக்குப் பஸ்லயே வாந்தி வரும். தாங்குமா?

நான்கு நாளில் பெரும்பகுதி குடாவுக்குள் குளம் போன்ற தண்ணீரில்தான் நிற்பீர்கள். சிக்கல், இரண்டாவது பதிலில் சொன்ன ஏழு மூக்குகளில் மட்டும். முந்தின இரவு கப்டானிடம் எத்தனை மணிக்குப் புறப்பாடு என்று கேளுங்கள். மாத்திரையை அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போட வேண்டும். அலை தொடங்கிய பின் போட்டால் பலன் குறைவு. சின்னாரிசின், புரோமெத்தசின் இரண்டும் நம் ஊர் மருந்துக் கடைகளில் பழகியவைதான். இரண்டுமே தூக்கம் வரவைக்கும். வேறு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

படகு ஓடும்போது கீழே அறையில் இருக்காதீர்கள், அங்கே டீசல் வாடையும் சேர்ந்துகொள்ளும். தளத்தில் நடுப்பகுதிக்கும் அமரத்துக்கும் இடையில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். அணியம், அதாவது முன்பக்கம், அதிகமாக ஏறி இறங்கும். கைபேசியை ஓரம் வையுங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது, இரண்டு துண்டு ரொட்டி போதும். வந்தே தீரும் என்றால் காற்று முதுகில் படும் பக்கம் போய் நில்லுங்கள். மறுபக்கம் நின்றால் எல்லாம் உங்கள் மேலேயே திரும்பும்.

9. நீச்சல் தெரியாது. போய் என்ன பண்றது?

போகலாம், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: இங்கே இடுப்பளவுத் தண்ணீர் கிடையாது. கரையிலிருந்து பத்தடி தள்ளினாலே ஆழம் பத்து மீட்டர் இருக்கலாம். படகில் உயிர்காப்புச் சட்டை இருக்கும். ஏணியைப் பிடித்துக்கொண்டு அதைப் போட்டு மிதக்கலாம். குழந்தைகளுக்கு அளவான சட்டை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், பெரியவர்கள் சட்டை குழந்தையின் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

நீச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் உண்மையான எச்சரிக்கை. குடாவுக்குள் நுழைந்ததும் கப்டான் நங்கூரத்தை அணியத்திலிருந்து இறக்கி, படகைப் பின்னோக்கிக் கரைப் பக்கம் ஓட்டுவார். ஓர் ஆள் கயிற்றோடு குதித்து நீந்திப் போய் பாறையிலோ பைன் மரத்திலோ கட்டுவார். அடித்தளம் செங்குத்தாகச் சரிவதால், வெறும் நங்கூரத்தை மட்டும் நம்பினால் அது சரிவில் வழுக்கிவிடும். படகு சுற்றிவரவும் இடமில்லை. இந்த வேலை முடிய பத்து நிமிடம் ஆகும். அதுவரை எஞ்சின் ஓடும், சுழலி சுற்றும். கயிறு கட்டி, எஞ்சின் நின்று, கப்டான் கை காட்டிய பிறகே குதிக்க வேண்டும். உற்சாகத்தில் முன்பே குதிப்பதுதான் இந்தப் படகுகளில் நடக்கக்கூடிய மோசமான தவறு.

10. சுடிதார், லெக்கின்ஸ் போட்டு குளிச்சா ஒரு மாதிரி பாப்பாங்களா?

மாட்டார்கள். உடல் முழுக்க மறைக்கும் ‘ஹஷெமா’ நீச்சல் உடை துருக்கியில் சாதாரணம், அதன் பக்கத்திலேயே பிகினியும் இருக்கும். பருத்திச் சுடிதார் மட்டும் வேண்டாம். நனைந்ததும் கனத்துக் காலைச் சுற்றும், ஏணி ஏற விடாது. முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கின்ஸும் போதும், வெயில் காப்புக்கும் அதுவே நல்லது.

11. சுத்த சைவம். பட்டினியா?

இல்லை, சொல்லும் விதத்தில் சொன்னால். காலையில் தக்காளி, வெள்ளரி, ஆலிவ், பாலாடைக்கட்டி, முட்டை, ரொட்டி, தேன். மதியம், இரவு கத்தரிக்காய், பீன்ஸ், தயிர், சாலட், சாதம் அல்லது பாஸ்தா, கூடவே கோழியோ மீனோ. பிரச்சினை ஒளிந்திருப்பது சாதத்திலும் பயறு சூப்பிலும் வெள்ளை பீன்ஸ் குழம்பிலும். துண்டு இறைச்சி இல்லாவிட்டாலும் இறைச்சி வேகவைத்த சாறு சேர்ந்திருக்கலாம். ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லை நம்பி நிற்காமல், சமையல்காரரிடம் முதல் நாளே இப்படிச் சொல்லுங்கள்: ‘எத் யோக், தாவுக் யோக், பாலுக் யோக், எத் சுயு யோக்’. இறைச்சி, கோழி, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று பொருள். முட்டையும் ஆகாதென்றால் ‘யுமுர்தா யோக்’.

முன்பதிவிலும் எழுதிவிடுங்கள். ஃபெத்தியேயில் வாங்கி ஏற்றும் சாமானே நான்கு நாளைக்கும் பெரும்பகுதி. நடுவில் கடை கிடையாது. ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் சமையலறைக்குள் நுழைந்து தாளிக்கிறேன் என்று நிற்காதீர்கள். இரண்டு பேர் நிற்கும் இடம்கூட அங்கே இல்லை.

12. டாய்லெட், குளியல், ஏசி எல்லாம் எப்படி?

அறையோடு சின்னக் கழிப்பறை இருக்கும். காகிதத்தை உள்ளே போடக்கூடாது, கூடையில்தான். குழாய் விரலளவுதான், அடைத்தால் கப்டான் உங்கள் அறைத் தரையைப் பிரிக்க வேண்டி வரும். கழிவு தொட்டியில் சேரும். ஃபெத்தியே இருக்கும் மூலா மாகாணத்தில் ‘மாவி கார்ட்’ என்ற நீல அட்டை முறை இருக்கிறது, கழிவை எங்கே, எப்போது இறக்கினார்கள் என்பது அதில் பதிவாகும். நல்ல தண்ணீர் தொட்டியும் அளவானதே. கடலில் குளித்துவிட்டு, அமரத்தில் இருக்கும் குழாயில் ஒரு நிமிடம் உப்பைக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் குடிக்க அல்ல.

ஏசி, ஜெனரேட்டர் ஓடினால்தான் ஓடும். இரவில் அதை நிறுத்திவிடுவார்கள், ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். வராத இரவுகளில் அநேகமாக எல்லோரும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு தளத்துக்கு வந்துவிடுவார்கள். விடியற்காலையில் பனி இறங்கிப் போர்வை ஈரமாகும், மெல்லிய சால்வை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

13. சூட்கேஸ் கொண்டு போலாமா?

வேண்டாம். ஏறுவது ஓரடி அகலப் பலகையில், அறையில் பெட்டி வைக்கவும் இடமில்லை. மடக்கக்கூடிய துணிப்பை போதும். தளத்தில் செருப்புக்கு அனுமதி இல்லை, ஏறும் இடத்தில் கூடையில் போட்டுவிட வேண்டும். கூடவே வேண்டியவை: பாறைகளில் கறுப்பாக ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலிக்காக ரப்பர் காலணி, முள் எடுக்க இடுக்கி, தலைவிளக்கு, பவர் பேங்க், ஐரோப்பிய இரட்டை உருளைப் பிளக், கைச்செலவுக்கு ரொக்கம்.

14. சாப்பிடும்போது குளவி வருதாமே?

ஆகஸ்ட், செப்டம்பரில் கரையை ஒட்டிக் கட்டிய படகுகளுக்கு வரும், குறிப்பாக மீனும் தர்பூசணியும் மேசையில் இருந்தால். சமையல்காரர் ஒரு தட்டில் காப்பித் தூளைக் குவித்துப் பற்றவைப்பார். அது எரியாமல் புகையும், குளவி விலகும். கையை வீசாதீர்கள். பான டப்பாவில் வாய் வைக்கும் முன் உள்ளே பாருங்கள்.

15. கெகோவாவுல முழுகின ஊருக்கு மேலேயே நீந்தலாமா?

கூடாது. சிதைவுகள் இருக்கும் கரைப் பக்கம் நீந்தவும் முக்குளிக்கவும் தடை, நங்கூரம் போடவும் முடியாது. படகு மெதுவாக ஓரமாகப் போகும். பாறையில் வெட்டிய படிக்கட்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்குவதும், பாதிச் சுவர் மேலே, பாதி கீழே நிற்பதும் தளத்திலிருந்தே தெரியும். இன்னும் நெருங்கிப் பார்க்க, எதிர்க்கரையில் கிளம்பும் துடுப்புப் படகுச் சுற்றுலா இருக்கிறது. கலெகோய் பக்கம் இருக்கும் கல்சவப்பெட்டியைச் சுற்றி வேண்டிய மட்டும் படம் எடுக்கலாம்.

16. காஷுக்கு எதிர்லதானே கிரேக்கத் தீவு? ஒரு எட்டு போய்ட்டு வரலாமா?

காஸ்டெலோரிசோ தீவு கண்ணுக்கு எட்டும் தூரம்தான், ஆனால் அது வேறு நாடு. குலெட் நினைத்த நேரத்தில் போக முடியாது, துறைமுக அனுமதியும் குடியேற்ற முத்திரையும் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. திரும்பி வர, ஏழாவது பதிலில் சொன்ன துருக்கி விசா பலமுறை நுழைவதற்கானதாக இருக்க வேண்டும். ஒருமுறை விசாவில் போனால் உங்கள் பை படகில், நீங்கள் தீவில். ஆசை இருந்தால் பயணம் முடிந்த பிறகு காஷுக்கு வந்து பயணிகள் படகில் போங்கள். இன்னொன்று: காஷ் பக்கம் கைபேசி தானாகக் கிரேக்க அலைவரிசைக்குத் தாவும். தானியங்கித் தேர்வை நிறுத்தாவிட்டால் ரோமிங் கட்டணம் வரும்.

17. காத்து சரியில்லன்னு ஒரு இடத்தை விட்டுட்டாங்க. காசு திரும்பக் கேக்கலாமா?

கேட்கலாம், கிடைக்காது. வழியை மாற்றும் உரிமை கப்டானுக்கு என்பது எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். முதலில் கைவிடப்படுவது பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கு, காரணம் இரண்டாவது பதிலில். காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் காற்று ஆறை, அதாவது 22 நாட்டை, எட்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் ஏழு மூக்குகளையே தவிர்த்து, உங்களைச் சாலை வழியாகக் காஷுக்கு அனுப்புவதும் உண்டு. அப்போது வாதாட வேண்டாம். படகில் ஏதாவது கெட்டுப்போனால், உதாரணமாக ஜெனரேட்டரோ கழிப்பறையோ, அது வேறு விஷயம். அன்றைக்கே கப்டானிடம் சொல்லி, முகவருக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு எழுதினால் எடுபடாது.

18. அன்பளிப்பு எவ்வளவு? யார்கிட்ட குடுக்கணும்?

கட்டாயம் இல்லை. கட்டணத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் வழக்கம். கடைசி நாள் எல்லோரும் சேர்த்துக் கப்டானிடம் கொடுத்தால் அவர் பிரிப்பார். சமையல்காரருக்குத் தனியாகக் கொடுக்க நினைத்தால் கையிலேயே கொடுக்கலாம்.

19. இறங்கின அன்னிக்கே அன்டாலியாவுல ஃபிளைட் பிடிக்கலாமா?

பிடிக்க நினைக்காதீர்கள். டெம்ரேயிலிருந்து அன்டாலியா விமான நிலையத்துக்கு மலையோரச் சாலையில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கும் நேரம் காற்றின் கையில் இருக்கிறது. போகும்போது தலமான் விமான நிலையம், திரும்பும்போது அன்டாலியா என்று பயணச்சீட்டு எடுத்து, நடுவில் ஒரு இரவு ஒலிம்போஸிலோ டெம்ரேயிலோ தங்குங்கள்.

20. கரைக்கு வந்த பிறகும் தரை ஆடுதே, ஏதாவது கோளாறா?

இல்லை. அலைக்குப் பழகிய மூளை மறுபடி தரைக்குப் பழக நேரம் எடுக்கிறது. குளிக்கக் கண்ணை மூடி நிற்கும்போது அதிகம் தெரியும். அநேகமாக ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் போய்விடும். அதற்கு மேல் நீண்டால் மருத்துவரைப் பாருங்கள். அன்றைக்கே வாடகைக் கார் எடுத்து ஓட்டாதீர்கள். டெம்ரேயிலிருந்து ஃபினிகே போகும் சாலை ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் கடலுமாக, வளைந்து வளைந்து போகிறது.